எனக்குப் பதில் சொல்லாதவர்களுக்கு நன்றி

எனக்காக மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் நாற்காலிகூடக் கேட்காமல் நின்றபடியே வாதாடி, இன்று இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் எங்கள் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே. வாழ்நாளில் பாதியை ஓட்டுநர் இருக்கையிலும் மீதியை முதுகுவலியிலும் கழித்துவிட்டு, இன்றைக்கும் முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களே. விசிலும் பையுமாக, வியர்வையும் வெயிலுமாக, வீதி முழுவதையும் நின்றுகொண்டே கடக்கும் நடத்துநர்களே. எண்ணெய்க் கறை ஏறாத சட்டை ஒன்றை எங்கிருந்தோ தேடிப்பிடித்து இன்று போட்டு வந்திருக்கும் பட்டறைத் தோழர்களே. ஊர் முழுக்க ஏறி இறங்கி உதிர்த்துவிட்டுப் போகும் குப்பையை முகம் சுளிக்காமல் கூட்டித் தள்ளும் தாய்மார்களே. வீட்டுக்குள் எங்களைப் பொறுத்துக்கொண்டு, வெளியில் எங்களை விட்டுக்கொடுக்காமல் நிற்கும் எங்கள் வீட்டுப் பெண்களே. மேடை ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் ஓரத்து நாற்காலியின் நுனியில் ஒப்புக்கு உட்கார்ந்திருக்கும் எங்கள் சிகிச்சையாளர் மேடம் அவர்களே. உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

யார் அது பின்னால்? சத்தமாகவே சொல்லுங்கள் அண்ணே. ஆமாம், ‘ரிவர்ஸ்’தான் பேசுகிறேன். இந்த டெப்போவில் என் உண்மையான பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். போன வழியிலேயே திரும்பித் திரும்பிப் போய்ப் பார்த்த ஓட்டுநருக்கு நீங்கள் வைத்த பெயர் அது. வைத்தபோது வலித்தது. இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன், திரும்பிப் போவதில்லை.

என்னை நன்றியுரை சொல்லத்தான் அழைத்தார்கள். நன்றியுரை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். பாதிப் பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மைக் முன்னால் நின்று ஒலிபெருக்கிக்காரர் வரைக்கும் நன்றி சொல்வான். தலைவர் அதை முதலில் வைத்துவிட்டார். அதனால் நீங்கள் தப்பிக்க முடியாது.

உடைந்த இருக்கைகளையும் ஓட்டை வாளிகளையும் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, ஆலோசனை அறை என்று இன்று திறந்திருக்கிறோம். அதில் என்ன நடக்கும் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். ‘ஷாக் வைப்பாங்களா?’ என்று ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். இல்லை ஐயா. அங்கே நடக்கப் போவதற்குப் பெயர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நம் வண்டியின் வழித்தடப் பலகையில் எழுதினால் இடம் போதாது. ஆனால் விஷயம் எளிது. நமக்குள் ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்புக்குப் பயந்து நாம் ஒரு காரியம் செய்கிறோம். காரியத்தைச் செய்யச் செய்ய நினைப்பு கொழுக்கிறது. இந்தச் சங்கிலியை எந்தக் கண்ணியில் வெட்டலாம் என்று இரண்டு பேர் உட்கார்ந்து தேடுவதுதான் இந்தச் சிகிச்சை. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குள் என் உயிர் இருந்தது.

சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு காலை நேரம். சந்தை வளைவு. இடது பின்சக்கரத்தில் ‘தடக்’ என்று ஒரு சத்தம். நம் சாலைகளில் தடக் என்று சத்தம் வராவிட்டால்தான் ஆச்சரியம். கண்ணாடியில் பார்த்தேன். காய்கறித் தள்ளுவண்டி நிற்கிறது. குடையோடு ஒருவர் போகிறார். ஒரு நாய் படுத்திருக்கிறது. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. ஆனால் எனக்குள் ஒரு குரல் கேட்டது: ‘சக்கரத்துக்கு அடியில் கிடப்பவன் கண்ணாடியில் தெரிவானா?’

இந்த ஒரு கேள்விதான், தோழர்களே. ஒரே ஒரு கேள்வி.

ட்யூட்டி முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போனேன். சாலையில் சிவப்பாக ஏதோ கிடந்தது. குனிந்து தொட்டேன். முகர்ந்து பார்த்தேன். நசுங்கிய தக்காளி. சீருடை போட்ட ஓட்டுநர் ஒருவன் நடுச்சாலையில் குந்தி உட்கார்ந்து தக்காளியை முகர்ந்து பார்க்கிறான். சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு அது எனக்குத் தக்காளியாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது: ‘சரியான இடத்தில்தான் பார்த்தாயா?’

அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளமும் எனக்கு ஒரு பிணம். ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு கொலை. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கே கேட்டாலும், அது நான் இடித்துப் போட்ட ஆளைத் தூக்கத்தான் போகிறது என்று தோன்றும். இந்த நோய்க்கு எண்ணச் சுழல் நோய் என்று பெயர் இருக்கிறது, உலகம் முழுக்க எத்தனையோ ஓட்டுநர்களுக்கு வந்திருக்கிறது, இதற்குச் சிகிச்சை இருக்கிறது என்று அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்? வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னார்களா? உரிமம் கொடுத்தவர்கள் சொன்னார்களா? கண்ணையும் காதையும் சோதித்துக் கையெழுத்துப் போட்ட மருத்துவர் சொன்னாரா? யாரும் சொல்லவில்லை.

சொல்லத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அன்பு காட்டுவார்கள். இந்த டெப்போ எனக்கு அன்பு காட்டியது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் வண்டியின் நடத்துநர் அக்காவை உங்களுக்குத் தெரியும். அதோ, முன்வரிசையில். எழுந்திருக்காதீர்கள் அக்கா. ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏண்டா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?” என்றார்.

“அக்கா, பின்னாடி யாரும் விழலையே?”

“விழுந்தா நான் சொல்ல மாட்டேனா? ஓட்டுடா.”

அந்த ஒரு வார்த்தை எனக்கு அமிர்தமாக இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் மறுபடி கேட்டேன். அதற்கடுத்த நிறுத்தத்திலும் கேட்டேன். கூட்ட நெரிசலில் பின்படியிலிருந்து முன்னால் வரைக்கும் கத்திச் சொல்ல அக்காவால் முடியவில்லை. அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நிற்க ஒரு விசில், போக இரண்டு விசில், இது எல்லோருக்கும் தெரியும். அக்கா எனக்காக மூன்றாவதாக ஒரு விசில் ஊதினார். மெல்லிசாக, நீளமாக. ‘பின்னால் எட்டிப் பார்த்துவிட்டேன், யாரும் கிடக்கவில்லை, நீ போ’ என்று அதற்கு அர்த்தம். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத விசில்.

ஒரு பெரியவர் ஒருநாள் கேட்டார்: “ஏம்மா, விசில் ரிப்பேரா?”

“விசில் நல்லாத்தான் இருக்கு பெரியவரே. நம்ம டிரைவருக்குப் பாட்டு கேட்டாத்தான் வண்டி ஓடும்.”

அப்படி என்னைக் காப்பாற்றினார். பட்டறையில் கிரீஸ் அண்ணன். அவர் உடம்பில் கிரீஸ் இல்லாத இடத்தை அவர் மனைவியே பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். ட்யூட்டி முடிந்து நான் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுப்பார். “ரத்தமும் இல்ல, சதையும் இல்ல. சாணிதான் இருக்கு. போதுமா சாமி?” என்பார்.

“உள்பக்கச் சக்கரம் பார்த்தீங்களாண்ணே?”

மறுபடியும் படுப்பார். என் மனைவி டிவியில் எல்லாச் செய்திச் சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ‘நம்ம ரூட்டுல ஒண்ணும் நடக்கலைங்க’ என்று எனக்குச் சொல்வாள். ஒருநாள் காவல் நிலையத்துக்கே போன் போட்டு, “இன்னைக்கு பஸ்ஸுல யாராவது அடிபட்டாங்களா சார்?” என்று கேட்டுவிட்டாள். “நீங்க யாரும்மா?” என்று அவர்கள் திருப்பிக் கேட்டதும் போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இது அன்பில்லையா? அன்புதான். கலப்படமில்லாத அன்பு. ஆனால் அந்த அன்பைத் தின்றுதான் என் நோய் வளர்ந்தது. முதலில் ஒரு விசில் போதுமானதாக இருந்தது. பிறகு இரண்டாவது முறை ஊதச் சொன்னேன். பிறகு அக்காவிடமே கேட்டேன்: “நிஜமாவே எட்டிப் பார்த்துட்டு ஊதினீங்களா, இல்ல பழக்கத்துல ஊதிட்டீங்களா?” அக்கா அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம் அந்த மேம்பாலம். வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், ஊரே பார்த்தது. மேம்பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கதவைத் திறந்து, நான் வந்த வழியே நடக்க ஆரம்பித்தேன். பின்னால் வரிசையாக வண்டிகள். ஹாரன் சத்தம். அக்கா ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார்.

“டேய், பஸ்ஸு நிறைய ஜனம் உட்கார்ந்திருக்குடா.”

“கீழேயும் ஒரு ஆள் கிடப்பாங்கக்கா.”

அதை ஒருவர் படம் பிடித்து, ‘குடிபோதையில் டிரைவர்’ என்று போட்டார். அதிகாரிகள் வந்தார்கள். ஊதச் சொன்னார்கள். ஊதினேன். குடிக்கவில்லை என்று கருவி காட்டியது. அதற்குப் பிறகு என்னிடம் கேட்க அவர்களிடம் கேள்வியே இல்லை. ஒரு மனிதன் மேம்பாலத்தில் அழுதுகொண்டே நடக்கிறான் என்றால் அவர்களுக்குத் தெரிந்த காரணம் சாராயம் ஒன்றுதான். அது இல்லையென்றால் பைத்தியம். “வண்டி குடுக்க முடியாது. கேட்டுல நிக்க வைக்கலாம்” என்று முடிவு சொல்லிவிட்டார்கள்.

கேட்டில் காவலுக்கு நிற்பது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த வேலை ஸ்டியரிங். எனக்குப் பிடித்த வேலை ஸ்டியரிங். அதைப் பிடுங்கிவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தக் குரல் மட்டும்தான். தலைவர் அன்றைக்குத்தான் மேசை முன்னால் போய் நின்றார். “சக்கரம் பஞ்சரானா சக்கரத்தைப் பார்ப்பீங்களா, வண்டியையே பழைய இரும்புக்குப் போடுவீங்களா?” என்று கேட்டார். கடைசியில் ஓர் ஒப்பந்தம். சிகிச்சை முடியும்வரை சாலைக்குப் போகக் கூடாது. ஷெட்டுக்குள் வண்டிகளை நகர்த்தி நிறுத்தலாம். பிறகு மருத்துவக் குழு பார்க்கும். அவர்கள் தகுதி என்று சொன்னால் வண்டி, இல்லையென்றால் கேட்.

மருத்துவமனைக்குப் போனேன். அரசாங்க மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எல்லாக் கட்டடங்களும் முடிந்து, துணி வெளுக்கும் இடத்தையும் தாண்டி, வழி கேட்கவே கூச்சப்படுகிற இடத்தில் இருந்தது. ஒரு கால் உடைந்த பெஞ்சில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். திருடியவன் தலை நிமிர்ந்து ஊருக்குள் நடக்கிறான். நோய் வந்தவன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எந்த ஊர் நியாயம் இது?

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டேன். இன்னும் சாப்பிடுகிறேன், எனக்கு வெட்கமில்லை. பிறகு மேடத்திடம் அனுப்பினார். இத்தனை பெரிய மருத்துவமனைக்கு இந்தச் சிகிச்சைக்கென்று இவர் ஒருவர்தான். வாரக்கணக்கில் காத்திருந்து உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: “மேடம், நான் யாரையும் கொல்லலைதானே?”

இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். “எனக்குத் தெரியாதே. நான் உங்க பஸ்ஸுல வரலையே” என்றார்.

கோபம் வந்தது. சிரிக்காதீர்கள் மேடம், எழுந்து போய்விடலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அப்போது அவர் கேட்டார்: “சரி, நான் ‘இல்லை’ன்னு சொல்றேன்னு வெச்சுக்கோங்க. எவ்வளவு நேரம் தாங்கும்?”

யோசித்துப் பார்த்தேன். “கதவு வரைக்கும் மேடம்” என்றேன்.

“அப்ப, கதவுக்கு அந்தப் பக்கமும் தாங்கற மாதிரி ஏதாவது பண்ணலாமா?”

என் வாழ்க்கையில் என்னைக் கேட்டுவிட்டு என் விஷயத்தில் முடிவெடுத்த முதல் படித்த மனிதர் அவர்தான். அதற்குப் பிறகு சொன்னார்: “ரெண்டு விதமா யோசிச்சுப் பார்க்கலாம். ஒண்ணு, நீங்க ஆளை இடிச்சிட்டுப் போயிடற ஆள். இன்னொண்ணு, இடிச்சிடுவோமோங்கற பயத்தால நோயான ஆள். முதல் ஆள்னா ரோட்டுல தேடணும். ரெண்டாவது ஆள்னா பயத்தைத்தான் கவனிக்கணும். இத்தனை நாளா ரோட்டுல தேடினீங்களே, குறைஞ்சுதா?”

“கூடிப்போச்சு மேடம்.”

“அப்ப ரெண்டாவதைக் கொஞ்ச நாள் பரீட்சை பண்ணிப் பார்ப்போம். உறுதியெல்லாம் நான் தர முடியாது. வீட்டு அடுப்பை அணைச்சேனான்னு எனக்கே இப்ப நூத்துக்கு நூறு தெரியாது. ஆனா வீட்டுக்கு ஓடாம உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன் பாருங்க.”

நூற்றுக்கு நூறு. அதைத் தேடித்தான் நான் மேம்பாலத்தில் நடந்தேன். அது யாரிடமும் இல்லை என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று உங்களுக்குப் புரிகிறதா?

அடுத்த முறை அக்காவையும் கிரீஸ் அண்ணனையும் என் மனைவியையும் கூட்டிவரச் சொன்னார். நாற்காலி போதாமல் கிரீஸ் அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார்; அந்தச் சுவரில் அவர் முதுகு இன்னும் இருக்கிறது. மேடம் பொறுமையாக விளக்கினார். இவர் கேட்கும்போதெல்லாம் நீங்கள் ஆறுதல் சொல்கிறீர்கள். ஆறுதல் கிடைத்ததும் பயம் சட்டென்று இறங்குகிறது. அதனால் அடுத்த முறை ஆறுதல் இல்லாமல் அது இறங்காது என்று இவர் மனம் கற்றுக்கொள்கிறது. இனிமேல் பதில் சொல்லாதீர்கள் என்றார்.

அக்கா கொதித்துவிட்டார். “இவன் துடிக்கறதைப் பார்த்துக்கிட்டு நான் வாயை மூடிக்கிட்டு நிக்கணுமா? இது என்ன வைத்தியம்?”

“உங்க விசில் இல்லாம இவரால ஒரு ஸ்டாப் தாண்ட முடியுதா? நீங்க லீவு போட்டா என்ன ஆகும்?”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “அதுக்காகத்தான் நான் லீவே போடலை. காய்ச்சலோட வந்தேன். தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போகலை.”

எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். என் நோயை இவர் சேர்ந்து சுமந்திருக்கிறார். என்னோடு சேர்த்து இவரையும் அது வண்டிக்குள் பூட்டியிருக்கிறது.

இனி நான் கேட்டால் என்ன சொல்வது என்று எல்லோரும் சேர்ந்து ஒரு வாக்கியம் முடிவு செய்தோம்: “அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன். ஆனா உன் பக்கத்துல நிக்கறேன்.” கிரீஸ் அண்ணனுக்கு மட்டும் சந்தேகம். “நமக்கு வாய் சும்மா இருக்காதும்மா. பையன் கண்ணைப் பார்த்தா உளறிடுவேன்” என்றார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஷெட்டுக்குள் பயிற்சி. தரையில் ஒரு மரக்கட்டையைப் போட்டு, அதன்மேல் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டு, இறங்கிப் பார்க்காமல் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். பயம் தானாக ஏறி, தானாக இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மேடம் ஷெட் வாசல் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். “இப்ப பயம் எங்க இருக்கு?” “தொண்டையில மேடம்.” நான் ஜன்னல் வழியாகக் கிரீஸ் அண்ணனைப் பார்த்து, “அண்ணே, ஒரே ஒரு தடவை, அடியில பார்த்துச் சொல்லுங்கண்ணே” என்று கெஞ்சுகிறேன். அவர் திரும்புகிறார். இரண்டு கன்னமும் பந்து மாதிரி உப்பியிருக்கின்றன. பேச்சு வந்துவிடக் கூடாது என்று வாய் நிறையத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு நிற்கிறார் மனிதர். நான் கெஞ்சக் கெஞ்ச அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

“இப்ப எங்க இருக்கு?”

“நெஞ்சுல.”

“இப்ப?”

“வயித்துல.”

“இப்ப?”

“பசிக்குது மேடம்.”

யாரும் பார்த்துச் சொல்லாமலே பயம் இறங்கிவிட்டது. அதை என் உடம்பு அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கண்டது. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் திரும்ப ஏறியது. மறுபடி கட்டை, மறுபடி உட்கார்தல். வீட்டில் என் மனைவியைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன்: “உனக்கு இரக்கமே இல்லையா? ‘இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?” அவள் பதில் சொல்லாமல் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள், நான் கேட்பது காதில் விழாமலிருக்க. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வாக்கியத்தின் இரண்டாவது பாதியை அவள் ஒருநாளும் மறக்கவில்லை.

மருத்துவக் குழு என்னைப் பார்த்தது, கேள்விகள் கேட்டது, தகுதி என்று எழுதியது. மறுபடி அதே தடம். அதே அக்கா. சந்தை வளைவில் அதே இடது பின்சக்கரம். ‘தடக்.’

கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அக்காவும் என்னைப் பார்த்தார். விசில் உதட்டில் இருக்கிறது. ஊதவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். தொண்டை, நெஞ்சு, வயிறு. ஓட்டினேன் தோழர்களே. திரும்பவில்லை. ஓட்டினேன். அந்தப் பரபரப்பில் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்தினேன். ஓர் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து ஏறி, “ஏய்யா, ஸ்டாப்பிங் கண்ணுக்குத் தெரியலையா? எருமை மாட்டைக் கொண்டுவந்து டிரைவராப் போட்டிருக்காங்க” என்றார். என்னை யாரும் அவ்வளவு இனிமையாகத் திட்டியதில்லை. பைத்தியம் என்று சொல்லவில்லை. எல்லா ஓட்டுநரையும் திட்டுவது போல என்னையும் திட்டினார். மன்னியுங்கள் அம்மா, நீங்கள் யாரென்று தெரியாது, உங்களுக்கும் நன்றி.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அக்கா பின்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஒரு டீ வாங்கிக் குடுடா. ஊதாம இருக்கறதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சு” என்றார்.

நான் யாருக்கு நன்றி சொல்வது? பதில் சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் நின்றவர்களுக்கு அல்லவா? கொடுப்பதற்கு நன்றி சொல்லிப் பழகியவர்கள் நாம். கொடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று இவர்களிடம் பார்த்தேன். என் மனைவிக்கு நன்றி. கிரீஸ் அண்ணனுக்கு நன்றி. அக்காவுக்கு நன்றி. முதல் நாளே ‘தெரியாது’ என்று என் முகத்துக்கு நேரே சொன்ன மேடத்துக்குத் தலை வணங்கி நன்றி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போய் உங்கள் ஆள் முன்னால் நாளையிலிருந்து வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். என் நோய்க்கு என் வழி. துக்கத்தில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பவருக்கு வழி வேறு. கூட்டத்தைக் கண்டால் மூச்சு முட்டுபவருக்கு வழி வேறு. படித்தவரிடம் கேளுங்கள். அதற்குத்தான் அறை.

கிளை மேலாளர் ஐயாவும் வந்திருக்கிறார். ஐயா, கேட்டில் நிற்க வைக்கலாம் என்று சொன்னவர் நீங்கள். அந்தக் கோபம் என்னிடம் இன்னும் இருக்கிறது, மறைக்கத் தெரியவில்லை. இந்த அறையின் சாவியைக் கொடுத்ததும் நீங்கள்தான். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள் என்று சொல்லியிருக்கிறீர்களே, அதற்கு நன்றி சொல்ல மாட்டேன். சக்கரத்தில் காற்றை வாரத்தில் ஒரு நாளா பார்க்கிறோம்? பிரேக்கை வாரத்தில் ஒரு நாளா பார்க்கிறோம்? டீசலை அளக்கிறீர்கள், கிலோமீட்டரை அளக்கிறீர்கள், தாமதத்தை அளந்து மெமோ தருகிறீர்கள். இத்தனை உயிரை முதுகில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் உள்ளே என்ன பாடுபடுகிறான் என்று கேட்க ஆள் வேண்டாமா? மனநலப் பிரிவைத் துணி வெளுக்கும் இடத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர்களையும் கேட்கிறேன்: எங்கள் வலி என்ன அழுக்குத் துணியா? ‘அதை நினைக்காதே, தைரியமாக இரு’ என்று சொல்லி அனுப்புகிறவர்களையும் கேட்கிறேன்: நினைக்காமல் இருக்க முடிந்தவன் எதற்கு உங்கள் முன்னால் வந்து நிற்கிறான்? காசு இருப்பவன் திரை போட்ட அறையில் உட்கார்ந்து அடுத்த வாரமே குணமடையத் தொடங்குகிறான். நம் ஆள் உடைந்த பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டு முறைக்காகக் காத்திருக்கிறான். மேடம் மாதிரி இன்னும் பல பேர் வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையிலும் வேண்டும், ஒவ்வொரு பட்டறையிலும் வேண்டும். இதைக் கேட்பது பிச்சையில்லை, நம் உரிமை.

கை தட்டியது போதும். முடிக்கிறேன்.

இந்தக் கூட்டத்துக்கு உங்களில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு வந்த வண்டியை நான்தான் ஓட்டினேன். வாசலுக்குத் திரும்பும் இடத்தில் வண்டி ஒருமுறை குலுங்கியது. உங்களுக்கு ஞாபகம்கூட இருக்காது. மைக்கைப் பிடித்ததிலிருந்து அந்தக் குரல் என்னிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது, ‘அங்கே யார் கிடந்தார்கள்’ என்று. தலைவருக்கு வணக்கம் சொன்னபோது கேட்டது. நீங்கள் சிரித்தபோது கேட்டது. நோய் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனமில்லை. பேச்சுக்கு நடுவில் அக்காவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நேரமும் என்னைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாருங்கள் அக்கா, கழுத்து வலிக்கப் போகிறது. நான் கேட்கப் போவதில்லை.

பயம் இப்போது நெஞ்சில் இருக்கிறது. வெளியில் வண்டி நிற்கிறது. மாலை ட்ரிப்புக்கு ஆள் ஏறிக்கொண்டிருப்பார்கள். வாசலில் குனிந்து பார்க்காமல், நேராகப் போய் என் இருக்கையில் உட்காரப் போகிறேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் நன்றி. எனக்கு நேரமாகிறது, வணக்கம்.